ஏர்கன் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

தோட்டத்து வீடுகளிலும் நெல் கிடங்குகளிலும் ஏர்கன் வைத்திருப்போர் உண்டு. எலியைச் சுடவும், குறி பழகவும் அது உதவும். மயிலை அடித்து விரட்டலாம் என்று எண்ணி வாங்குவோரும் இருக்கிறார்கள். அப்படியானால் வாங்காமல் இருப்பதே மேல். 1963 முதல் தேசியப் பறவையான மயில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கொன்றால் மட்டுமல்ல, காயப்படுத்தினாலும் அது வேட்டையே. தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. மயில் அழித்த நிலக்கடலைக்கு வருந்தி, வழக்குக்கும் அலைய நேரும். காட்டுப்பன்றிக்கும் இது கருவியல்ல.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் துளை 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. வாங்கும்போது இந்த இரண்டு அளவையும் ரசீதில் எழுதி வாங்கி, பத்திரப்படுத்த வேண்டும். 5.5 மி.மீ. துளை கொண்டதைக் கடைக்காரர் பேச்சை மட்டும் நம்பி எடுப்பது உசிதமல்ல.

கிராமத்தில் பழகுவதற்குக் குழலை மடித்து ஸ்பிரிங்கை இழுக்கும் வகையே ஏற்றது. பம்பு, சிலிண்டர் எதுவும் வேண்டாம். வாங்குமுன் குழலை மூடிய நிலையில் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் குறி நிற்காது. குழல் மூடும் இணைப்பின் மேல் ஒரு பஞ்சிழையை வைத்து, ரவை போட்டு, மண்மேட்டை நோக்கிச் சுட்டுப் பார்க்கலாம். இழை பறந்தால் வாஷர் வழியே காற்றுக் கசிகிறது என்று பொருள். ஸ்பிரிங்கும் வாஷரும் அருகில் உள்ள ஊரில் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர் பெற்ற வெளிநாட்டுத் துப்பாக்கியானாலும், உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் பரணுக்குத்தான் போகும்.

ரவை போடும் நேரமே ஆபத்தான நேரம். மடித்த குழலை ஒரு கையால் இறுகப் பற்றியபடியே மறு கையால் ரவையை வைக்க வேண்டும். பிடி தளர்ந்த நிலையில் விசை தட்டிவிட்டால் குழல் விருட்டென்று மேலே எழும்பும். விரல் நசுங்கும், துண்டாகவும் கூடும். விசைமேல் விரல் வைப்பது சுடும் கணத்தில் மட்டுமே.

ரவை இல்லாமல் வெறுமனே சுடக்கூடாது. ரவை இருந்தால், முன்னால் அடைபடும் காற்று பிஸ்டனுக்கு மெத்தைபோல் அமையும். அது இல்லாதபோது பிஸ்டன் சிலிண்டர் முனையில் நேரே மோதும். வாஷரும் ஸ்பிரிங்கும் விரைவில் போய்விடும். ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் மணிக்கணக்காக வைப்பதும் தவறு. ஒருமுறை சுட்ட ரவையை நிமிர்த்தி மறுபடி போடுவது சிக்கனமாகத் தோன்றும். குழலின் உள்வரிகளைக் கெடுப்பது அதுதான்.

எண்ணெய் விஷயத்தில் பலரும் தாராளம் காட்டுகிறார்கள். தையல் மிஷின் எண்ணெயை மடிப்பு மூட்டுக்கும் வெளி இரும்புக்கும் இடலாம். காற்று அழுந்தும் அறைக்குள் அதை விட்டால், அழுத்தத்தின் வெப்பத்தில் எரிந்து வெடிக்கும், வாஷர் கருகும். உள்ளே தேவையானால் சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். திருகுகள் அதிர்ச்சியில் தளரும்; அவ்வப்போது முடுக்க வேண்டும்.

கை வியர்வையில் உப்பு உண்டு. எனவே உபயோகித்தவுடன் இரும்பைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். மழைக்காலத்தில் தோல் உறையில் வைத்தால் ஈரம் பிடித்துத் துருவேறும். பருத்தித் துணி சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத பெட்டியில் பூட்டி வைக்கலாம்.

கிடங்கில் எலியைச் சுடுவோர் நெல் குவியலின் பக்கம் குறி வைக்கலாகாது. ரவை ஈயமாதலால் அது தானியத்தில் கலப்பது கேடு. சுவர், கல், இரும்பு ஆகியவற்றில் பட்டால் திரும்பித் தெறிக்கும். கண்ணாடி அணிவது நலம். ரவையைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.