தியானம் நல்லது, மாத்திரையை நிறுத்துவது நல்லதல்ல



நம் பக்கத்துக் கோயில் மண்டபங்களிலும் தாமான் வீடுகளிலும் தியான வகுப்பு நடப்பதாக நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "கவலை குறையும், தூக்கம் வரும், மனநோய் குணமாகும்" என்று போட்டிருப்பார்கள். முதல் இரண்டையும் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவதுதான் ஆபத்தானது. இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

நாள் முழுதும் செம்பனைக் குலை வெட்டி வந்தவர், குளித்துவிட்டுப் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்துவிட்டால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும், உடம்பு இளகும். உடல்நலம் உள்ளவருக்கு இதில் பயமில்லை. பல நாள் பேசாமல், குறைந்த தூக்கத்தில், மணிக்கணக்காக உட்காருவது வேறு விஷயம்.

காலஞ்சென்ற எஸ். என். கோயங்கா பரப்பிய விபாசனா முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்து நாள் மௌனம், தினம் ஏறக்குறைய பத்து மணி நேரத் தியானம். பகாங், கம்பாங்கிலும் அதற்கு நிலையம் உண்டு. இது மருத்துவத்துக்கோ மனநல சிகிச்சைக்கோ மாற்று அல்ல, கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குச் சிபாரிசு செய்வதில்லை என்று அவர்களுடைய ஒழுங்குவிதியே சொல்கிறது. உலகம் முழுக்க முகாம் நடத்துகிறவர்களே இப்படி எழுதிவைத்திருக்கும்போது, "எங்கள் தியானம் எல்லா மனநோயையும் தீர்க்கும்" என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா?

விதி எழுதினால் மட்டும் போதுமா? போதாது. பாரத்தில் நோயை மறைப்பவர் உண்டு. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவரும் உண்டு. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 83 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தியானம் செய்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஏதோ ஒரு பாதிப்பு வந்திருந்தது. பயமும் பதற்றமும் மனச்சோர்வும்தான் அதிகம். முன்பு மனநோயே இல்லாதவர்களுக்கும் இது வரக்கூடும் என்று கண்டார்கள். ஆகவே, வகுப்பு நடக்கும்போதும் மாணவரைக் கவனித்துக்கொண்டே இருப்பது ஆசிரியரின் கடமை.

வேகவேகமாக மூச்சுவிடும் பயிற்சியும் உண்டு. அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, விரல் மரமரக்கும், தலை சுற்றும், கை கோணிக்கொள்ளும். "சக்தி ஏறுது, பயப்படாதே" என்று சொல்வார்கள். அது சக்தியும் இல்லை, சாமியும் இல்லை. உடனே நிறுத்தி மெதுவாக மூச்சுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கெட்டது மாத்திரையை நிறுத்துவது. மனநோய்க்கோ காக்காய் வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். தூக்கம் கெட்டாலே சிலருக்கு நோய் கிளம்பிவிடும்.

நம்பிக்கை ஒன்றே குணப்படுத்தும் என்று நோயாளியை விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஊர் அது. தர்காவுக்கு வந்தால் குணமாகும் என்று அழைத்துவரப்பட்டவர்களை அங்கிருந்த தனியார் காப்பகங்களில் சங்கிலியில் கட்டிவைத்தார்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஒரு காப்பகம் தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அங்கே நடந்தது தியானம் அல்ல. ஆனால் நோயாளியை ஏற்றுக்கொண்டவர் அவர் உயிருக்கும் பொறுப்பு என்ற பாடம் எல்லாருக்கும் பொது.

நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டுக் கவுன்செலர் சட்டப்படி, பதிவு பெறாதவர் தன்னைக் கவுன்செலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. குரு என்று சொல்லிக்கொள்ள யாரிடமும் பதிவு வேண்டியதில்லை. ஒரு குழு சங்கமாகப் பதிந்திருக்கிறது என்றால் அதற்கு வைத்தியம் தெரியும் என்று அர்த்தமில்லை. அதனால் பிள்ளையை அனுப்புமுன் நாமே கேட்க வேண்டும்:

1. சேருமுன் நோய், மருந்து பற்றி விசாரிக்கிறீர்களா?
2. மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா?
3. ஒருவருக்கு மனம் தடுமாறினால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள்? வீட்டுக்கு யார் சொல்வது?
4. நடுவில் வெளியேற விரும்பினால் தடுக்காமல் விடுவீர்களா?

இதற்குப் பதில் சொல்ல மழுப்பினால் அனுப்பாதீர்கள். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

போய் வந்தவர் இரண்டு மூன்று நாள் தூங்கவில்லையா? இல்லாத குரல் கேட்கிறதா? யாரோ கெடுதல் செய்வதாகச் சந்தேகப்படுகிறாரா? சாக வேண்டும் என்று பேசுகிறாரா? "ஞானம் வந்துடுச்சு" என்றோ "பேய் புடிச்சிருக்கு" என்றோ காத்திருக்க வேண்டாம். டுரியான் துங்கால் கிளினிக்குக்கோ அலோர் காஜா ஆஸ்பத்திரிக்கோ உடனே கூட்டிப் போங்கள். ஆளைத் தனியே விடாதீர்கள். மனம்விட்டுப் பேச சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்ற பழைய பயத்தை விடுங்கள். சீக்கிரம் வந்தால் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுத் தேறலாம், வேலைக்கும் போகலாம்.