முதல் ஜாமுக்கு வந்தவர்களுக்கு

கேம் ஜாமில் இரண்டே நாளில் ஒரு கேமை எப்படிச் செய்து முடிப்பது என்று சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. கோடோ எடுக்கலாமா யூனிட்டி எடுக்கலாமா, எப்போது தூங்கலாம், எந்த லெவலை வெட்டலாம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு காணொளி இருக்கிறது. அப்லோட் செய்த மறுநாள் காலையில் என்ன செய்வது என்பதற்குத்தான் ஆளில்லை. லூடம் டேரை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 முதல் நடந்துவரும் அந்த ஜாமில் கேம் செய்யக் கிடைப்பது தனியாள் என்றால் 48 மணி நேரம், குழு என்றால் 72 மணி நேரம். மற்றவர்களுடைய கேம்களை விளையாடி மதிப்பெண் போடக் கிடைப்பதோ ஏறக்குறைய மூன்று வாரம். எது பெரிய வேலை என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதல் வேலையில் உயிரை விட்டுவிட்டு இரண்டாவதைத் தூங்கிக் கழிக்கிறார்கள். நான் சொல்லப்போவது அந்த மூன்று வாரத்தைப் பற்றி.

1. உங்கள் கேமை யாரும் விளையாடவில்லை என்று புலம்புவதற்கு முன், நீங்கள் எத்தனை பேருடையதை விளையாடினீர்கள் என்று பாருங்கள்.

இது நல்லொழுக்கப் பாடம் இல்லை, அமைப்பே அப்படித்தான். லூடம் டேரில் 20 பேராவது மதிப்பெண் போட்டால்தான் உங்கள் கேமுக்குத் தரவரிசை கிடைக்கும். 19 என்றால் ஒன்றும் கிடையாது. நீங்கள் பிறருக்குப் போடும் மதிப்பெண்ணும் எழுதும் கருத்தும் உங்கள் கேமைப் பலர் கண்ணில் படும் இடத்துக்குத் தள்ளும். இட்ச்.ஐஓ தளத்தில் நடக்கும் ஜாம்களில் கணக்கு வேறு. அந்த ஜாமில் கேம்களுக்கு விழுந்த வாக்குகளின் மீடியனை, அதாவது நடு எண்ணை, எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கேமுக்கு விழுந்த வாக்கு அதற்குக் கீழே இருந்தால், இரண்டையும் வகுத்து வர்க்கமூலம் கண்டு, அதை உங்கள் மதிப்பெண்ணோடு பெருக்கிவிடுவார்கள். நடு எண் 16, உங்களுக்கு விழுந்தது 4 என்று வையுங்கள். வகுத்தால் கால், வர்க்கமூலம் அரை. ஐந்துக்கு 4 வாங்கிய கேம் 2-க்கு இறங்கிவிடும். கேம் அதேதான், வாக்குதான் குறைவு.

மார்க் பிரவுன் நடத்தும் ஜி.எம்.டி.கே ஜாமில் ஆயிரக்கணக்கில் கேம்கள் வந்து குவிகின்றன. அந்தக் கூட்டத்தில் தானாக வந்து உங்களைத் தேடிப் பிடிக்க யாருக்கும் நேரமில்லை. ஒருவருடைய கேமை விளையாடி நாலு வரி உருப்படியாக எழுதிப் பாருங்கள், யார் இந்த ஆள் என்று உங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பார். "நல்ல கேம், என்னுடையதையும் விளையாடுங்கள்" என்று ஐம்பது இடத்தில் ஒட்டிவிட்டுப் போகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். அந்த ஆளாக இருக்க வேண்டாம்.

2. பிரவுசரிலேயே ஓடட்டும்.

டவுன்லோட் செய்து, ஜிப்பைப் பிரித்து, விண்டோஸ் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டி, முகம் தெரியாத ஒருவருடைய எக்ஸி கோப்பைத் திறக்க எத்தனை பேர் துணிவார்கள்? உங்களைக் கேட்டாலே தயங்குவீர்கள். வெப் பில்டுக்காகக் கடைசி இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள். இன்னும் நல்லது, முதல் நாளே வெறும் சதுரம் ஒன்று நகரும் நிலையில் ஒரு பில்டை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். இட்ச்.ஐஓ-வில் ஜிப்புக்குள் index.html என்ற பெயரில் கோப்பு இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் பக்கம் டிராஃப்ட் நிலையில்தான் இருக்கும், நீங்கள்தான் பொதுவில் திறக்க வேண்டும். உங்கள் கணக்கில் நுழைந்தபடி பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே நண்பர் ஒருவரின் கணினியில் திறந்து பாருங்கள்.

பக்கத்தில் எந்தக் கீ எதற்கு என்று எழுதுங்கள். கேமுக்குள்ளும் எழுதுங்கள், ஏனென்றால் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நகர W, A, S, D மட்டும் வைத்திருந்தால் அம்புக்குறிக் கீகளையும் சேர்த்துவிடுங்கள். பிரான்ஸில் பழக்கத்திலுள்ள கீபோர்டில் W இருக்கும் இடத்தில் Z இருக்கிறது, A இருக்கும் இடத்தில் Q இருக்கிறது. உங்கள் கேமைத் திறக்கும் பிரெஞ்சுக்காரர் விரலை மடக்கிக்கொண்டு தவிப்பார். ஒரு கிளிக் விழும் வரை பிரவுசர் சத்தத்தைப் போட விடாது. அதனால் தொடக்கத்தில் ஒரு 'ஸ்டார்ட்' பட்டன் வையுங்கள். வால்யூமைக் குறைக்க வழி வையுங்கள். திரை பளிச் பளிச்சென்று மின்னுமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது விளையாட்டு இல்லை.

3. கருத்து எழுதும்போது உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

நான் சொல்ல வந்ததே இதுதான், மற்றதெல்லாம் இதற்குத் துணை. "சூப்பர் கேம், வாழ்த்துகள்" என்று எழுதுகிறவர், பந்தியில் எல்லாம் அருமை என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றோடு இலையை மூடுகிறவர். சமைத்தவருக்கு அந்தப் பாராட்டால் பிரயோஜனமில்லை. "கன்ட்ரோல் மோசம்" என்பதும் அதே ஜாதிதான், சுருதி மட்டும் வேறு.

ஒரு குதித்து ஓடும் கேம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எழுதுகிறார்: "மேடைகளை இன்னும் அகலமாக்குங்கள்." இன்னொருவர் எழுதுகிறார்: "மூன்றாவது மேடையின் விளிம்பில் ஸ்பேஸ் பாரை அழுத்தினேன், ஆள் குதிக்காமல் அப்படியே விழுந்தான். நாலைந்து தடவை இப்படி. நான் சரியான நேரத்தில்தான் அழுத்தினேன் என்று சத்தியம் செய்வேன்." முதலாமவரை நம்பினால் நீங்கள் எல்லா மேடையையும் அகலமாக்கி உட்கார்ந்திருப்பீர்கள், விளிம்பில் விழுவது மட்டும் நிற்காது. இரண்டாமவர் எழுதியதைப் படித்தால் விஷயம் தெரிந்தவருக்கு உடனே புரியும். கால் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு நொடித்துளி குதிக்க அனுமதிக்க வேண்டும். கேம் செய்பவர்கள் இதைக் கயோட்டி டைம் என்பார்கள். செலஸ்டே கேமில் அந்தச் சலுகை 0.1 வினாடி. அந்தப் பத்தில் ஒரு பங்கு வினாடி ஆடுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை, அவர் வேலை தான் விழுந்த இடத்தைச் சொல்வது.

பிடித்ததையும் இப்படியே எழுத வேண்டும். "எதிரி செத்தபோது திரை லேசாக அதிர்ந்தது, அதற்காகவே இன்னொருவனைத் தேடிப் போனேன்" என்று சொன்னால், அந்த அதிர்வைக் கேம் செய்தவர் அடுத்த பதிப்பில் எடுத்துவிடாமல் இருப்பார். கேம் எதைப் பற்றியது என்று நீங்கள் புரிந்துகொண்டதையும் ஒரு வரி எழுதுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

4. பாதியில் விட்டீர்களா? எங்கே விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

"இரண்டாவது லெவலில் சாவி எங்கே என்று தெரியாமல் ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு மூடிவிட்டேன்." எழுதக் கூச்சமாக இருக்கும். தனக்குக் கேம் ஆடத் தெரியவில்லை என்று யார் ஒப்புக்கொள்வார்? ஆனால் செய்தவருக்கு இதுதான் தங்கம்; விட்டுவிட்டுப் போகிறவர்கள் பொதுவாகச் சொல்லாமல்தான் போகிறார்கள்.

கேம் திறக்கவே இல்லையென்றால் ஒரு நட்சத்திரம் போட்டுப் பழி தீர்க்காதீர்கள். மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எந்த பிரவுசர், எந்த விண்டோஸ், என்ன பிழைச் செய்தி வந்தது என்பதை எழுதுங்கள். உங்களிடம் இருப்பது கல்லூரியில் கொடுத்த பழைய லேப்டாப் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேம் செய்தவரிடம் பெரும்பாலும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும், நாலு ஜிபி நினைவகத்தில் தன் கேம் எப்படித் திணறுகிறது என்பது அவருக்கு உங்கள் வழியாகத்தான் தெரிய வேண்டும்.

5. நேரம் இருந்திருந்தால் கேம் செய்தவரே செய்திருக்கக்கூடியதைச் சொல்லாதீர்கள்.

இன்னும் பத்து லெவல் வேண்டும், சேவ் வசதி வேண்டும், மல்டிபிளேயர் இருந்தால் நன்றாக இருக்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? 48 மணி நேரத்தில் வந்த கேமில் தேட வேண்டியது, வைத்துக்கொள்ளத் தகுந்த ஒரே ஒரு எண்ணம் இருக்கிறதா என்பதை. நீ நகர்ந்தால்தான் காலம் நகரும் என்ற எண்ணம் ஒன்றோடு 2013-இல் ஒரு ஏழு நாள் ஜாமில் பிறந்ததுதான் சூப்பர்ஹாட். விதிகளையே சொற்கட்டைகளாக்கித் தள்ளி மாற்றலாம் என்ற எண்ணத்தோடு அர்வி தெய்கரி 2017 நார்டிக் கேம் ஜாமில் கொண்டுவந்தது பாபா இஸ் யூ. இவை முழு கேம்களாக வெளிவந்தது முறையே 2016-இலும் 2019-இலும். அந்த ஜாம் நாட்களில் ஒருவர் லெவல் எண்ணிக்கையைப் பற்றிக் குறைப்பட்டிருந்தால் எவ்வளவு வீண்.

6. நட்சத்திரம் வேறு, சொல் வேறு.

லூடம் டேரில் ஒட்டுமொத்தம், கேளிக்கை, புதுமை, தீம், கிராஃபிக்ஸ், ஆடியோ, நகைச்சுவை, மனநிலை என்று தனித்தனியாக மதிப்பெண் உண்டு. ஒட்டுமொத்தம் என்பது மற்ற ஏழின் சராசரி இல்லை, அது தனிக் கேள்வி. முகதாட்சண்யத்துக்காக எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம். நட்சத்திரத்தில் கறாராக இருங்கள், சொல்லில் தாராளமாக இருங்கள். உங்கள் கேமில் இசை வேறொருவருடையது என்றால் ஆடியோ பிரிவிலிருந்து நீங்களே விலகிக்கொள்ளுங்கள். அதற்கு வசதி உண்டு. சத்தம் போட இசை தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இசையறியாதவர்களும் சத்தம் செய்யட்டும் என்று 2007-இல் ஒருவர் லூடம் டேருக்காகவே எழுதிக் கொடுத்த சிறு நிரல்தான் எஸ்.எஃப்.எக்ஸ்.ஆர். இன்றைக்கும் பாதி ஜாம் கேம்களில் நாணயம் எடுக்கும்போது கேட்கும் 'ட்டிங்' அதன் வம்சம்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

7. ஆங்கிலம் வராதே என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள்.

நம் பிள்ளைகள் அருமையாக விளையாடிக் கண்டுபிடிப்பார்கள், எழுதச் சொன்னால் 'நைஸ்' என்று முடித்துக்கொள்வார்கள். ஜாம்களில் பிரேசில்காரரும் போலந்துக்காரரும் எழுதும் ஆங்கிலத்தை ஒரு நாள் வாசித்துப் பாருங்கள், பயம் போய்விடும். இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. லெவல் எண், அழுத்திய கீ, நடந்தது. மூன்றும் இருந்தால் போதும்.

8. உங்களுக்கு வரும் கருத்தோடு வாதம் செய்யாதீர்கள்.

"அது பக் இல்லை, அப்படித்தான் வடிவமைத்தேன்" என்று எழுதக் கை துடிக்கும். எழுதினால் அடுத்து வருபவர் அதைப் பார்த்துவிட்டு நல்லது மட்டும் சொல்லிவிட்டுப் போவார். நன்றி சொல்லி, புரியாததை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். சம்பந்தமில்லாத மூவர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு மூன்று விதமாக இருக்கும், மூன்றுமே தப்பாகவும் இருக்கலாம். இடம் மட்டும் தப்பாது.

நேரில் கூடும் ஜாம் என்றால் வாயைக் கட்டுவது இன்னும் கடினம். 2009 முதல் ஜனவரி வாக்கில் பல நாடுகளில் ஒரே சமயம் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் போட்டி கிடையாது, மதிப்பெண் கிடையாது. பக்கத்து மேசைக்காரரை உட்கார வைத்து விளையாடச் சொல்லலாம். கீபோர்டைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அவர் சுவரில் முட்டுவார். "இடது பக்கம் போங்க" என்று தொண்டை வரை வரும். விழுங்கிவிடுங்கள். நாளைக்கு வீட்டில் விளையாடுகிறவர் பக்கத்தில் நீங்கள் நிற்கப்போவதில்லை.

9. மதிப்பெண் போடும் காலத்தில் கேமைத் திருத்தும் முன் விதியைப் படியுங்கள்.

லூடம் டேரில் கேமை நிறுத்திவிடும் பக்கைச் சரிசெய்யலாம், பிரவுசருக்கு மாற்றித் தரலாம். புதிதாக ஒன்றும் சேர்க்கக் கூடாது. வேறு ஜாம்களில் முடிவு நேரத்துக்குப் பிறகு அப்லோடையே பூட்டிவிடுவார்கள். ஆசை அடங்கவில்லை என்றால் திருத்திய பதிப்பைத் தனியாக வையுங்கள், ஜாம் பதிப்பைத் தொடாதீர்கள். வந்த கருத்துகளை எல்லாம் ஒரு கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2018 டிசம்பரில் 'தியாகம் செய்தே ஆக வேண்டும்' என்ற தீமுக்கு டேனியல் மல்லின்ஸ் செய்த சிறு சீட்டாட்டம், 2021-இல் இன்ஸ்கிரிப்ஷனாக வந்தது. நடுவில் மூன்று வருஷம். அத்தனை நாள் கழித்து யார் என்ன சொன்னார்கள் என்று உங்கள் நினைவில் இருக்காது.

10. வாக்குப்பதிவு முடியும் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள்.

யுடிசி என்று போட்டிருந்தால் இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கடைசி நாள் மாலையை உங்கள் கேமின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு கழிக்காதீர்கள். லூடம் டேரில் 20-ஐத் தொடாமல் நிற்கும் கேம்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். அந்தப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து ஒவ்வொன்றாக விளையாடத் தொடங்குங்கள்.