குற்றப் புதினங்களில் மாந்தரும் உரையாடலும்

முன்னுரை

பாடநூலின் நடுவே மறைத்து வைத்துத் துப்பறியும் நாவல் படித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இலக்கியம் பயில்வோர் அதனை வெளியிற் சொல்லக் கூசுவதும் உண்டு. 'பொழுதுபோக்கு எழுத்து' என்னும் ஒரு சொல்லால் அவ்வகை நூல்களை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. கொலையாளி யார் என்பது இறுதிப் பக்கத்தில் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பின்னரும் சில நாவல்களை நாம் மீண்டும் எடுத்துப் படிக்கிறோம். அஃது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதிரும் மாந்தரும்

தமிழில் துப்பறியும் கதையின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று, 1894-இல் வெளிவந்த பண்டித நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' ஆகும். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேலைநாட்டுக் கதைகளைத் தழுவியும் புனைந்தும் பெருந்திரளான வாசகரை ஈட்டினர். இவர்தம் நூல்களில் நிகழ்ச்சிகளின் திருப்பமே முதன்மை பெற்றது. தமிழ்வாணனின் சங்கர்லாலோ தேநீரும் தூய தமிழும் மாறாத ஓர் இலட்சிய உருவம். அவர்மீது நமக்கு மதிப்பு மிகுதி. அவர் மனத்துள் நுழைய வழி குறைவு.

சுஜாதா (1935–2008) இந்நிலையை மாற்றினார். 1968-இல் வெளிவந்த 'நைலான் கயிறு' நாவலில் அறிமுகமான வழக்கறிஞர் கணேஷுக்கு, பின்னர் வசந்த் என்னும் உதவியாளன் வந்து சேர்ந்தான். கணேஷ் அளந்து பேசுபவன். வசந்த் அளவின்றிப் பேசுபவன். 'பாஸ்' என்று அழைத்துக்கொண்டே தன் மூத்தவனைச் சீண்டுவான். மெக்ஸிகோ தேசத்துச் சலவைக்காரியைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்கு ஒன்றை அவ்வப்போது தொடங்குவான், அதனை முடித்ததேயில்லை. கதையின் புதிர்கள் யாவும் அவிழ்ந்தன. அந்தத் துணுக்கு மட்டும் அவிழவில்லை. கொலையாளிகளின் பெயர்களை மறந்துவிட்ட வாசகரும் சலவைக்காரியை மறக்கவில்லை. புதிர் ஒருமுறை சுவைப்பது; மாந்தர் மறுமுறையும் அழைப்பவர் என்பது இதனாற் புலனாகும்.

உரையாடலின் பணி

மாந்தரை நமக்குக் காட்டுவது அவர்தம் பேச்சு. நாமே புனைந்த ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

"நேத்து ராத்திரி எங்கே இருந்தே?" என்று காவல் ஆய்வாளர் கேட்கிறார்.

"அந்த அம்மாவுக்கும் எனக்கும் எந்தத் தகராறும் இல்லைங்க ஐயா" என்கிறான் வேலையாள்.

கேட்டது இடத்தை, சொன்னது உறவை. கேளாத வினாவிற்கு விடை வந்துவிட்டது. அவன் குற்றவாளியாக இருக்க வேண்டுவதில்லை. அஞ்சுகிறான் என்பது மட்டும் உறுதி. எதற்கு அஞ்சுகிறான் என்றறிய அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். 'அவன் மிகவும் பயந்திருந்தான்' என்று ஆசிரியரே எழுதியிருந்தால் நாம் நம்பியிருப்போம், கண்டுபிடித்திருக்க மாட்டோம். கூரிய உரையாடல் வாசகரையே துப்பறிபவராக ஆக்குகிறது.

இவ்வுத்தியை மேலைநாட்டில் உச்சத்திற்குக் கொண்டு சென்றவர் ஜார்ஜ் ஹிக்கின்ஸ். இவர் பாஸ்டன் நகரில் அரசு வழக்கறிஞராகப் பணியாற்றியவர். குற்றவாளிகளின் பேச்சைத் தொழில்முறையிற் செவிமடுத்தவர். 1973-இல் திரைப்படமாகவும் வந்த 'எடி காயிலின் நண்பர்கள்' என்னும் தம் நாவலை இவர் பெரும்பாலும் உரையாடலாலேயே கட்டினார். எடி காயில், துப்பாக்கிகளை வாங்கிக் கைமாற்றிவிடும் சிறு தரகன். சிறைக்கு அஞ்சித் தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்க முனைகிறான். 'நண்பர்கள்' அவனோடு இயல்பாகவே பேசுகின்றனர்; அவ்வியல்பான பேச்சின் அடியில் அவன் உயிருக்கு விலை பேசப்படுகிறது. குற்றப் புதினங்களாற் புகழ்பெற்ற எல்மோர் லெனார்ட், இந்நூலிலிருந்து தாம் கற்றதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டுள்ளார்.

சிலம்பு காட்டும் சான்று

இத்தகைய பேச்சை உற்றுக் கேட்கும் பயிற்சி நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு திருட்டும், ஒரு பொய்க் குற்றச்சாட்டும், ஒரு கொலையும், ஒரு வழக்கும் உள்ளன. கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலர் இவன் கள்வனாகத் தோன்றவில்லை என ஐயுறுகின்றனர். அப்போது பொற்கொல்லன் வாய் திறக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாகும் எட்டினை நிரல்பட விரித்துரைக்கிறான்.

ஒரு பொற்கொல்லனுக்குக் களவு நூலில் இத்துணைப் புலமை எவ்வாறு வந்தது? அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே என்பது நமக்குத் தெரியும். தேவைக்கு மிகுதியாகப் பேசிய அப்பேச்சே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. நம் வேலையாள் அச்சத்தால் மிகைபடப் பேசினான்; பொற்கொல்லன் வஞ்சத்தால் மிகைபடப் பேசுகிறான். ஆனால் அங்கிருந்த எவரும் அதனைக் கூர்ந்து கேட்கவில்லை. அரசனும் முன்னரே அவன் சொல்லை ஆராயாது ஆணையிட்டுவிட்டான். குற்றமற்ற ஒருவன் வெட்டுண்டான். வழக்குரை காதையில் கண்ணகியின் கூர்மையான சொற்களைப் பாண்டியன் செவிமடுத்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

முடிவுரை

மாந்தரை மையமாகக் கொண்ட குற்றப் புதினங்கள் நமக்குத் தரும் இன்பம், மனிதர் பேசுவதைக் கேட்கும் இன்பமே. அவர்கள் சொல்வதையும், சொல்லாமல் விடுவதையும், தேவைக்கு மேல் சொல்லிவிடுவதையும் பிரித்தறிய அவை நம்மைப் பழக்குகின்றன. தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. விசாரணையின் முதற்படி செவி. அச்செவியைத் தீட்டும் நூல்களைப் பாடநூலின் நடுவே மறைக்க வேண்டுவதில்லை. மேசையின்மீது வைத்தே படிக்கலாம்.