காலையில் வெயில், பகலில் இடி: ஒக்டோபர் மலையேற்றம்

"மலையேற ஒக்டோபர், நவம்பர்தான் நல்ல காலம்." நேபாளக் காணொளிகளைப் பார்த்த கையோடு அக்குறணைப் பையன்கள் ரிவர்ஸ்டன் மலைக்கு வேன் பேசுவது இந்த நம்பிக்கையில்தான். நேபாளத்துக்கு அது சரி. அங்கே அது இலையுதிர்காலம், பருவமழை விலகி வானம் தெளிந்திருக்கும். இலங்கையில் நமக்கோ இலையுதிர்காலமே கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று செப்டெம்பரோடு ஓய, டிசெம்பரில் வடகிழக்கு தொடங்கும். இடைப்பட்ட இந்த இரண்டு மாதங்களும்தான் கண்டி அதிகம் நனையும் மாதங்கள்.

அதற்காகப் போகவே கூடாதென்றில்லை. நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். "காலையில் வெயில் காய்ந்தால் அன்று மழையில்லை" என்பார்கள். இந்தப் பருவத்தில் அந்த வெயிலே மழையைக் கூட்டிவருகிறது. சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் கருமுகிலாகத் திரண்டு இடிக்கும். ஆகவே சுபஹ் தொழுத கையோடு கிளம்பி, பதினொரு மணிக்குள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்க வேண்டும். நடப்பது என்ன? ஒருவருக்காக வேன் காத்திருக்கும். மாத்தளையில் சாப்பாடு, ரத்தோட்டையில் தேநீர். நடை தொடங்கும்போது பதினொன்று. எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வேனில் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த மணிக்குத் திரும்பத்தான் வேண்டும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

"கூட்டமாகப் போனால் பயமில்லை." இருபது பேர் போனால் வேகமானவர்கள் ஐந்து பேர் முன்னே ஓடிவிடுவார்கள், கால் வலிக்கிறவர் பின்னே தனியாக வருவார். பத்தனைப் புல்வெளியில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. காணாதவர் மற்றக் குழுவோடு வருகிறார் என்று இரு குழுவும் நினைத்துக்கொள்ளும். மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்ததாக நடக்கவிடுங்கள். பழகிய ஒருவர் கடைசியில் வரட்டும். பாதை பிரியும் இடமெல்லாம் தலையெண்ணுங்கள். பேராதனைக்குப் பக்கத்தில் நிற்பதால் ஹந்தானை மலையைச் சிலர் பூங்காபோல நினைக்கிறார்கள். பனி அங்கேயும் வழியை மறைக்கும்.

"கைபேசிதான் இடியை இழுக்கும்." இழுக்காது. வெட்டவெளி முகட்டில் உயர்ந்து நிற்கும் உங்கள் தலைதான் ஆபத்து. தனிமரத்தின் அடி அதைவிட மோசம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது விநாடிக்குக் குறைந்தால் முகட்டை விட்டு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் மேலே ஏறாதீர்கள்.

"காலையில் கடந்த ஓடைதானே!" திரும்பும்போது அது பெருகியிருக்கும். மேலே பெய்த மழை பிங்கா ஓயாவைப் பெருக்கி அக்குறணைக் கடைத்தெருவுக்குள் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்?

அட்டைக்குத் தீக்குச்சியும் வேண்டாம், உப்பும் வேண்டாம். சூடோ உப்போ பட்ட அட்டை விழுமுன் குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம். மெல்லிய முனைப் பக்கமாக நகத்தை நுழைத்து வழித்துவிட்டால் போதும். இரத்தம் உறையாதபடி அது ஏதோ சுரப்பதால் சற்று நேரம் வழியும், துணியால் அழுத்துங்கள்.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் போதும் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் உயர்ந்த சிகரமான கொம்பானியா கண்டி நகரத்தைவிட ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரம். நனைந்த ஜீன்ஸோடு அங்கே காற்றில் நின்றால் பல் கிட்டும்.

இனி, "முற்பணம் கொடுத்தாச்சே!" என்ற சாக்கு. மண்சரிவு அதைப் பார்க்காது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன்களை மண் மூடியது, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தையே உலுக்கியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே மலைச்சரிவுகளில் விழிப்பாயிருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 150 தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. இன்று வானம் வெளுத்திருந்தாலும் நேற்றைய மழை மண்ணுக்குள் இருக்கும். எச்சரிக்கை வந்த அன்று பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வேன்காரர் இந்தப் பக்கத்து ஆளாக இருந்தால், முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரே வர மறுப்பார்.