பூட்ஸைக் கழற்றிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கால்பந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கோச் ஆகப் போவதாகவும், அதற்கான டி லைசென்ஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். நல்ல முடிவு, சந்தோஷம். ஆனால் “இத்தனை வருஷம் ஆடியவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். பிரையன் க்ளஃப் என்ற மனிதரின் கதையை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

க்ளஃப் 1935இல் வடகிழக்கு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். சென்டர் ஃபார்வர்டு. மிடில்ஸ்பரோ, சண்டர்லாந்து ஆகிய இரண்டு கிளப்புகளுக்குமாக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்டார். பெரும்பாலும் இரண்டாம் டிவிஷனில்தான் என்றாலும் அது மலைக்க வைக்கும் கணக்கு. இங்கிலாந்து அணிக்கு இரண்டே ஆட்டங்கள்தான் ஆடினார். 1962 டிசம்பர் 26 அன்று சண்டர்லாந்தின் ரோக்கர் பார்க் மைதானம் உறைபனியில் இறுகிக் கிடந்தது. பந்தைத் துரத்திப் போனவர் பரி அணியின் கோல்கீப்பர்மீது மோதி விழுந்தார். முழங்கால் தசைநார்கள் அறுந்தன. அப்போது வயது 27. 1964இல் மூன்று ஆட்டங்கள் முயன்று பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை.

அந்த 251 கோல்களைக் காட்டி அவருக்குக் கிடைத்த மேனேஜர் வேலை என்ன தெரியுமா? நான்காம் டிவிஷனில் அடிமட்டத்தில் கிடந்த ஹார்ட்டில்பூல்ஸ் யுனைடெட். அந்தக் காலத்தில் அந்த டிவிஷனில் கடைசி நான்கு இடங்களில் முடிப்பவர்கள் மற்ற கிளப்புகளின் ஓட்டைக் கேட்டுத்தான் லீக்கில் நீடிக்க முடியும். ஹார்ட்டில்பூல்ஸ் அப்படிப் பலமுறை கையேந்தி நின்ற கிளப். 1965 அக்டோபரில் அங்கே போனபோது க்ளஃபுக்கு வயது 30. பணம் கிடையாது. ஊரில் உள்ள மதுக்கூடங்களிலும் கிளப்புகளிலும் பேசி நிதி திரட்டினார். வீரர்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்ட லைசென்ஸும் எடுத்துக்கொண்டார்.

வேலை கையில் வந்ததும் அவர் தேடிப் போனது பீட்டர் டெய்லரை. மிடில்ஸ்பரோவில் கூட ஆடிய கோல்கீப்பர், பெரிய பெயர் ஒன்றும் இல்லாதவர். க்ளஃப் ரிசர்வ் அணியில் கிடந்தபோதே, இவன் பெரிய கோல்காரன் என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். அப்போது பர்ட்டன் ஆல்பியன் கிளப்பில் மேனேஜராக இருந்தார். அதை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு, பெயருக்கு டிரெய்னர் என்று வந்து சேர்ந்தார். கோல்கீப்பருக்கு ஒரு வசதி உண்டு. மைதானம் முழுவதும் அவர் கண் முன்னால் நடக்கிறது. கோல் போடுகிறவன் கண்ணுக்கு வலை மட்டுந்தான் தெரியும். க்ளஃபுக்குக் குரல் இருந்தது, துணிச்சல் இருந்தது, ஒரு வார்த்தையில் ஆளை நிமிர்த்தவோ நொறுக்கவோ தெரிந்திருந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் கண் டெய்லருடையது. தன்னிடம் இல்லாதது எது என்று க்ளஃப் 30 வயதிலேயே தெரிந்துவைத்திருந்தாரே, அதைத்தான் நான் அவருடைய முதல் சாமர்த்தியம் என்பேன்.

ஹார்ட்டில்பூல்ஸில் ஜான் மெக்கவர்ன் என்ற பதினாறு வயதுப் பையனை அவர்கள் இறக்கினார்கள். ஓட்டத்தில் லட்சணம் கிடையாது. பிற்பாடு டார்பியில் சொந்த ரசிகர்களே அவனைக் கிண்டலடித்தார்கள். ஆனால் பந்தைச் சரியான காலுக்குத் தள்ளிவிட்டு உடனே அடுத்த இடத்துக்கு நகர்ந்து நிற்பான். க்ளஃப் அவனை டார்பிக்கும், லீட்ஸுக்கும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் கூடவே கூட்டிப் போனார். 1979, 1980 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பையைக் கேப்டனாகத் தூக்கிப் பிடித்தது அந்த மெக்கவர்ன்தான்.

1967இல் இருவரும் டார்பி கவுன்டிக்குப் போனார்கள். இரண்டாம் டிவிஷன் கிளப். அடுத்த வருஷம் டாட்டன்ஹாமின் டேவ் மெக்கேயை வாங்கினார்கள். வயது 33, கால் இரண்டு முறை முறிந்தவர். அவர் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிப் போகும் யோசனையில் இருந்தார். மிட்ஃபீல்டில் நாள் முழுக்க ஓடிப் பழகிய மனிதரை, இனி ஓட வேண்டாம், பின்வரிசையில் நின்று இளைஞர்களை வழிநடத்தினால் போதும் என்று அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பக்கத்தில் ராய் மெக்ஃபார்லண்ட், ட்ரான்மியரிலிருந்து வந்த சின்னப் பையன். மெக்கே நின்ற இடத்திலிருந்தே கையைக் காட்டிக் குரல் கொடுத்து ஆட்டத்தை நடத்தினார். 1969இல் டார்பி முதல் டிவிஷனுக்கு ஏறியது. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதை மெக்கே இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். 1972இல் டார்பி லீக் சாம்பியன்.

தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. உன் வகுப்பில் பயிற்சிமுறை, ஆட்ட வியூகம், உடற்தகுதி எல்லாம் சொல்லித் தருவார்கள். கட்டாயம் படி. ஆனால் 33 வயது வீரனைப் பார்த்து, இவனிடம் போனது எது, இன்னும் மிச்சம் இருப்பது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குப் பாடத்திட்டம் கிடையாது. ‘நான் ஆடியபோது இப்படித்தான் செய்வேன்’ என்று ஆரம்பிக்கிற கோச்சுக்கு அது கடைசிவரை வராது.

இனி லீட்ஸ் கதை. 1974இல் லீட்ஸ் யுனைடெட் நாட்டின் சாம்பியன். டான் ரெவி வளர்த்த அணி. அவர் இங்கிலாந்து அணிக்குப் போனதும் அந்த நாற்காலியில், அவரையும் அவர் அணியின் முரட்டு ஆட்டத்தையும் வருஷக்கணக்காகப் பகிரங்கமாகத் தாக்கிவந்த க்ளஃபைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். டெய்லர் கூட வரவில்லை, டார்பிக்குப் பிறகு இருவரும் போயிருந்த பிரைட்டன் கிளப்பிலேயே தங்கிவிட்டார். நீங்கள் வாங்கிய பதக்கங்களையெல்லாம் குப்பைத்தொட்டியில் போடுங்கள், நேர்மையாக ஜெயித்தது ஒன்றும் இல்லை என்று க்ளஃப் வீரர்களைக் கூட்டிவைத்துச் சொன்னதாக அந்த அணியினரே பிற்பாடு சொன்னார்கள். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 44 நாளில் வேலை போயிற்று. ரெவியின் அணியைப் பற்றி க்ளஃப் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள். பத்து வருஷம் வியர்வை சிந்தி வாங்கிய பதக்கத்தை முதல் வாரத்தில் வந்தவன் குப்பை என்றால் எந்த டிரெஸ்ஸிங் ரூம் கேட்கும்? ஹார்ட்டில்பூல்ஸில் பஸ் ஓட்டப் பழகிய மனிதர் லீட்ஸில் உத்தரவு போட மட்டுமே போனார். அதைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லும் உரிமை உள்ள ஆள் பக்கத்தில் இல்லை.

1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், மறுபடியும் இரண்டாம் டிவிஷன். 1976இல் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977இல் மேலே ஏறினார்கள். 1978இல் லீக் சாம்பியன். 42 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் ஓடினார்கள். ஜான் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே விற்பனைப் பட்டியலில் கிடந்தார். உடம்பு கனம், சிகரெட் பழக்கம், வேகமும் இல்லை. அவரை இடதுபக்கம் நிறுத்தி, பந்தை அவரிடம் கொடுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார்கள், அவ்வளவுதான். 1979இல் மியூனிக்கில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மால்மோ அணிக்கு எதிராக அவர் இடது ஓரத்தில் இருவரைத் தாண்டிப் போய்த் தூக்கிக் கொடுத்த பந்தைத்தான் ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். மறுவருஷம் மாட்ரிட்டில் ஹாம்பர்க்குக்கு எதிராக ஒரே கோல். அதைப் போட்டவரும் ராபர்ட்சன்தான்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1980இல் டெய்லர் தங்கள் கூட்டணி பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார்; முன்கூட்டிச் சொல்லாதது க்ளஃபுக்கு உறுத்தியது. 1982இல் டெய்லர் ஓய்வு என்று விலகி, அதே வருஷம் டார்பியில் மேனேஜரானார். மறுவருஷம் க்ளஃபிடம் சொல்லாமல் ராபர்ட்சனை டார்பிக்கு எடுத்துக்கொண்டார். பேச்சு நின்றது. 1990இல் டெய்லர் இறக்கும்வரை இருவரும் சமாதானம் ஆகவில்லை. தனியாக நின்ற க்ளஃப் லீக் கப்பை ஜெயித்தார். லீக் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ அதன்பின் வரவேயில்லை. மதுப்பழக்கம் முற்றியது. 1993இல் ஃபாரஸ்ட் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய சீசனோடு விடைபெற்றார். மறுவருஷம் வந்த தன் சுயசரிதையை அவர் டெய்லருக்குத்தான் சமர்ப்பித்தார். படிக்க டெய்லர் இல்லை.

உனக்குக் கிடைக்கப்போவது அநேகமாக ஒரு சின்ன அணியாகத்தான் இருக்கும். பந்துக்குக் காற்றடிப்பதிலிருந்து பையன்களை வேனில் ஏற்றுவது வரை நீயே பார்க்க வேண்டியிருக்கும். அதற்குச் சலிக்காதே. நீ செய்வது தப்பு என்று உன் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரை இப்போதே தேடு. அவரோடு மனஸ்தாபம் வந்தால் நீயே முதலில் போன் பண்ணு. வகுப்பு முடிந்து அணி கையில் வந்ததும் எனக்கு எழுது; பெஞ்சில் உன் பக்கத்தில் உட்காரப் போகிறவர் யார் என்பதையும் மறக்காமல் எழுது.