மேளத்தோடு அமெரிக்கா போகிறீர்களா?

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் பறையோ நாதஸ்வரமோ வாசிப்பவரை அமெரிக்கத் தமிழ்ச் சங்கம் ஒன்று அழைத்தால், சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வாசிக்கக் கூடாது. அது வம்பு.

நம் மரபுக்கலைகளுக்குப் பொருத்தமானது பெரும்பாலும் பி-3 விசா (பீட்டரில் வரும் 'பி', சுற்றுலா விசாவின் 'பி' வேறு). ஓராண்டு வரை கிடைக்கும். கலை அசலானது என்று துறை அறிந்தவர்கள் தரும் கடிதங்களோ, பத்திரிகை விமர்சனங்களோ வேண்டும். பெரும்பெயர் பெற்றவர்களுக்கு ஓ-1 இருக்கிறது, மூன்றாண்டு வரை. பெரிய தேசிய அல்லது சர்வதேச விருது இல்லாவிட்டால் முதன்மைப் பங்கு, ஊடகச் செய்தி, அமைப்புகளின் பாராட்டு, உயர்ந்த சம்பளம் போன்ற ஆறு வகைச் சான்றுகளில் குறைந்தது மூன்று தேவை.

இரண்டுக்குமே நீங்களாக மனுப் போட முடியாது. அழைப்பவரோ அங்குள்ள ஏஜென்ட்டோதான் ஐ-129 படிவம் தர வேண்டும். அந்நாட்டுக் கலைஞர் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதமும் அதோடு போகும்.

நம் ஊர்க்காரர்கள் சறுக்குவது காகிதத்தில்தான். கச்சேரி நோட்டீஸ் தமிழில், செய்தி கன்னடத்தில், பாராட்டுப் பத்திரத்தில் தேதியே இருக்காது. தமிழ், கன்னடத் தாள் ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தம் தகுதியை உறுதி செய்து கையெழுத்திட வேண்டும். நோட்டீஸைக் கச்சேரி முடிந்த அன்றே பத்திரப்படுத்துங்கள். செய்தியை வெட்டும்போது பத்திரிகைப் பெயரும் தேதியும் சேர்ந்து வரட்டும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், நோட்டீஸில் மேடைப் பெயர் என்றால், இரண்டும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைப்பது நல்லது.