கணனிப் பாடம்: ஒரு திரை மட்டும் இருண்டால்...

இரண்டு மொனிட்டர் பூட்டிய கணனியில் ஒன்று இருண்டுவிட்டால், “மொனிட்டர் போயிருச்சு” என்று நம் பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். சம்பளக் காசோடு கடைக்கு ஓடுமுன் நாமே பார்ப்போம்.

1. மொனிட்டரில் சிறு விளக்கு எரியாவிட்டால், கரண்ட் வயரைப் பாருங்கள்.

2. எரிந்தால், படம் வரும் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி இறுக்கிப் பூட்டுங்கள்.

3. விண்டோஸ் விசையையும் ‘பி’யையும் சேர்த்து அழுத்தி, ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

4. அப்படியும் வரலையா? இரண்டும் ஒரே மாதிரிக் கேபிள் என்றால், மொனிட்டர் பக்கத்து முனைகளை மட்டும் மாற்றிப் பூட்டுங்கள். அதே மொனிட்டர் இருண்டிருந்தால் பழுது அதில்தான். இருட்டு மற்றதற்குப் போனால் மொனிட்டர் நல்லது. கோளாறு கேபிளில், அல்லது கணனிப் பக்கம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மொனிட்டரின் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கலாம்.